விருந்தாளி வரக் காத்திருந்த தோட்டங்கள்
கோல சிலாங்கூரின் செம்பனை, நெல், டுரியான்: ஒரு வரலாற்றுப் பார்வை

சனிக்கிழமை பிற்பகலானால் கோலாலம்பூரிலிருந்து கோல சிலாங்கூருக்குப் போகும் பாதையில் கார்கள் வரிசை பிடிக்கத் தொடங்கிவிடும். 2011-ஆம் ஆண்டு லத்தார் நெடுஞ்சாலை திறக்கப்பட்ட பிறகு ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம்தான். புக்கிட் மெலாவத்தி குன்றின் மேல் பிள்ளைகள் குரங்குகளுக்குப் பயத்தங்காய் நீட்டுவார்கள். பாசிர் பெனாம்பாங்கில் மீனும் நண்டும் சாப்பாடு. இருட்டியதும் கம்போங் குவாந்தானில் படகேறி மின்மினிப் பூச்சிகள். மறுநாள் காலையில் செகிஞ்சான் நெல்வயலில் படம் எடுத்துக்கொள்வது. பழப் பருவமாக இருந்தால் திரும்பும் வழியில் சாலையோரக் கடையில் மாம்பழமும் டுரியானும். வேளாண் சுற்றுலா என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பயணத்தில் கண்ணில் பட்டும் மனத்தில் படாத ஒன்று உண்டு. சாலையின் இரு பக்கமும் கூடவே ஓடி வரும் செம்பனை. அந்தச் செம்பனைக்குள் லயன்களும் மாரியம்மன் கோயில்களும் தமிழ்ப்பள்ளிகளும் இருந்தன. சில இடங்களில் இன்னும் இருக்கின்றன. புக்கிட் ஈஜோக், புக்கிட் ரோத்தான், ராஜா மூசா, ஹோப்ஃபுல், கோல்ஃபீல்ட்ஸ் என்று பெயர்களைச் சொல்லிக்கொண்டே போகலாம். காரில் கடந்து போகும் நம் குடும்பங்களில் எத்தனையோ பேருக்கு அங்கே ஒரு தாத்தாவோ பாட்டியோ பால்மரம் வெட்டியிருப்பார். சுற்றுலாக் கையேடுகளில் மீனவர் வருகிறார், ஜாவானிய விவசாயி வருகிறார், செகிஞ்சானின் சீன நெல் விவசாயி வருகிறார். தோட்டத் தமிழர் மட்டும் ஏன் வருவதில்லை? யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காகக் கேட்கும் கேள்வியல்ல இது. பதில் வரலாற்றிலேயே இருக்கிறது. அதைத் தேட நூறு ஆண்டுக்கும் மேலாகப் பின்னோக்கிப் போகவேண்டும்.

பிரெஞ்சுக்காரரும் தென்னமரமும்

கோல சிலாங்கூரின் கோட்டைக் கதை பலருக்கும் தெரிந்ததுதான். 1784-இல் டச்சுக்காரர்கள் பிடித்து அல்டிங்ஸ்பர்க் என்று பெயரிட்டார்கள். மறு ஆண்டே சுல்தான் இப்ராகிம் மீட்டுக்கொண்டார். 1871-இல் பிரிட்டிஷ் போர்க்கப்பல் ரினால்டோ குண்டு பொழிந்தது. அதன் பிறகு வந்தவை பயிர்களின் படையெடுப்புகள். 1890-களில் சிலாங்கூர்க் கரையோரம் லைபீரியா காப்பி செழித்தது. பிரேசில் காப்பி உலகச் சந்தையை நிரப்பியதும் விலை சரிந்து காப்பித் துரைமார் கையைச் சுட்டுக்கொண்டார்கள். அந்த இடத்தை ரப்பர் பிடித்தது. கரையோர மண்ணில் தென்னையும் வளர்ந்தது. ரப்பருக்கு ஆள் வேண்டும் என்றதும் 1907-இல் இந்தியக் குடியேற்றக் குழு அமைக்கப்பட்டது. கங்காணிகள் தமிழகத்துக் கிராமங்களுக்குப் போனார்கள். பிறகு நடந்தது நம் எல்லாருடைய குடும்பக் கதை.

அந்த ரப்பர் மோகத்தில் வந்து சேர்ந்தவர்களுள் ஒருவர் ஆன்றி ஃபோகோனியே. 1879-இல் பிரான்சில் பிறந்தவர், 1905-இல் மலாயா வந்தார். சிலாங்கூர் ஆற்றுப் பக்கம் ரந்தாவ் பாஞ்சாங்கில் ரப்பர்த் தோட்டம் போட்டார். பெல்ஜியத்தைச் சேர்ந்த அட்ரியன் ஹாலே என்பவர் சுமத்ராவில் ஆப்பிரிக்க எண்ணெய்ப்பனையை வளர்த்துக்கொண்டிருந்தார். அவரிடமிருந்து விதை பெற்று ஃபோகோனியே தம் தோட்டத்தில் நட்டார். அப்போது அது அழகுக்கு வைத்த மரம்தான். துரை பங்களாவுக்குப் போகும் பாதையில் வரிசையாக நின்று நிழல் தரும், அவ்வளவே. அந்த மரத்தின் பூர்வீகம் மேற்கு ஆப்பிரிக்கா. 1848-இல் ஜாவாவின் போகோர் தாவரத் தோட்டத்தில் வைத்த நான்கு கன்றுகளின் வழிவந்தவையே சுமத்ராவுக்கும் பிறகு மலாயாவுக்கும் பரவின.

1917-இல் ஃபோகோனியே துணிந்தார். இன்று பெஸ்தாரி ஜெயா என்று அழைக்கப்படும் பத்தாங் பெர்ஜுந்தைக்குப் பக்கத்தில், மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைப் போட்டார். அந்தத் தோட்டத்தின் பெயர் தென்னமரம். ஆங்கிலத்திலும் மலாயிலும் எப்படி எழுதினாலும், உச்சரித்துப் பார்த்தால் தமிழ்க் காதுக்கு விளக்கம் தேவையில்லை. இந்த நாட்டின் செம்பனைத் தொழில் பிறந்த மண்ணுக்குத் தமிழில் ஒலிக்கும் பெயர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 2017-இல் செம்பனையின் நூற்றாண்டு கொண்டாடப்பட்டபோது தென்னமரம் என்ற பெயர் செய்தித்தாள்களில் அடிபட்டது. சில நாளில் மறந்தும் போனது.

ஃபோகோனியேவுக்கு இன்னொரு முகமும் உண்டு. தம் தோட்ட வாழ்க்கையை வைத்து அவர் எழுதிய 'மலேசி' என்ற நாவல் 1930-இல் பிரான்சின் உயர்ந்த இலக்கிய விருதான கோன்கூர் பரிசைப் பெற்றது. அதில் தமிழ்த் தொழிலாளர்கள் வருகிறார்கள். தமிழ்ப் பெண் ஒருத்தியும் வருகிறாள். ஆக, பாரிஸ் வாசகர்களுக்குச் சிலாங்கூர்த் தோட்டத்துத் தமிழர்களைத் தெரிந்திருந்தது. தென்னமரத்தில் குழி தோண்டிக் கன்று நட்டவர்களின் பெயர்கள் அந்தக் காலத்துக் கங்காணிமார் கணக்குப் புத்தகங்களோடு போய்விட்டன.

செம்பனையின் கதையில் பெண்கள் பங்கு ஒன்று சொல்லப்பட வேண்டும். ஆப்பிரிக்காவில் இந்த மரத்துக்கு மகரந்தம் சுமக்க ஒரு சின்ன வண்டு இருந்தது. மரம் கடல் கடந்து வந்தது, வண்டு வரவில்லை. அதனால் பல தோட்டங்களில் இளம் மரங்களுக்கு மனிதக் கையால் மகரந்தத் தூளைத் தூவவேண்டியிருந்தது. முள் குத்தும் பாளையை விலக்கி, பூ விரியும் நாள் பார்த்து, மரம் மரமாகப் போகும் வேலை. பெரும்பாலும் பெண்களே செய்தார்கள். 1981-இல் பூச்சியியலாளர் சையத் நடத்திய ஆய்வின் பயனாக அந்த வண்டு கேமரூனிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டது. காய்ப்பு கூடியது, எண்ணெய் கூடியது. செம்பனை வரலாற்றில் இது பெரிய வெற்றி என்பதில் சந்தேகமில்லை. தோட்டத்துப் பெண்களுக்கோ ஒரு வேலை காணாமற்போன ஆண்டு அது.

ஆறேகால் சென்ட்

பருவம் என்று சொன்னால் நம் முன்னோருக்கு ஆடியில் விதைப்பு, தையில் அறுவடை. கோல சிலாங்கூருக்கு வந்து இறங்கியவர்கள் அந்தக் கணக்கை மறக்கவேண்டியதாயிற்று. இங்கே ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும் மாறி மாறி வரும். ஏப்ரல் வாக்கில் ஒரு மழை உச்சம், அக்டோபர் நவம்பரில் இன்னொன்று. தோட்டத்துக் காலண்டரை ரப்பர் மரம்தான் நிர்ணயித்தது. பிப்ரவரி, மார்ச்சில் இலை உதிரும்போது பால் குறையும். விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை. விதை முற்றி வெடிக்கும் காலம் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். கொட்டையை உடைத்து விளையாடாத தோட்டத்துப் பிள்ளை உண்டா?

கூலி இல்லாத நாளில் அடுப்பு எப்படி எரிந்தது? லயத்துக்குப் பின்னால் இருந்த துண்டு நிலத்தால்தான். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் இதற்கு ஓர் அளவே வைத்தது. குடும்பத்தோடு இருக்கும் தொழிலாளிக்குப் பயிர் செய்யவும் மாடு மேய்க்கவும் ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்கவேண்டும் என்றது அந்தச் சட்டம். கணக்குப் போட்டால் ஆறேகால் சென்ட், சுமார் 2,700 சதுர அடி. இன்றைய சாதாரண தாமான் வரிசை வீட்டு மனையை விடப் பெரியது. அதில் முருங்கை, கறிவேப்பிலை, கத்தரி, வெண்டை, பீர்க்கு, பூசணி, கீரை வகைகள். ஓரத்தில் வாழை, மரவள்ளி. மாட்டுக் கொட்டகை தனி. ஆயிரம் ஏக்கர் ரப்பருக்கு நடுவே இந்த ஆறேகால் சென்ட்தான் தமிழரின் வேளாண்மை.

ஒன்றைக் கவனிக்கவேண்டும். அந்த நிலம் ஒதுக்கப்பட்டதே தவிரக் கொடுக்கப்படவில்லை. பட்டா கிடையாது. வேலை இருக்கும்வரை லயம், லயம் இருக்கும்வரை தோட்டம். ஓய்வு பெற்றாலோ, தோட்டம் கைமாறினாலோ முருங்கை மரத்தையும் விட்டுவிட்டுத்தான் போகவேண்டும்.

ஜப்பானியர் காலத்தில் இந்தத் துண்டு நிலம் உயிர் காத்தது. அரிசி வரத்து நின்றுபோக, தோட்டங்களில் மரவள்ளிக்கிழங்கே சோறாயிற்று. சயாம் மரண ரயிலுக்கு ஆண்களைப் பிடித்துக்கொண்டு போனபின் பிள்ளைகளோடு தனித்து நின்ற பெண்கள் அந்தக் கிழங்கை நம்பித்தான் இருந்தார்கள். இன்று தஞ்சோங் காராங் முதல் சபாக் பெர்ணம் வரை சாலையோரக் கடைகளில் மரவள்ளி வறுவல் பை பையாகத் தொங்குகிறது. நகரத்துப் பிள்ளைகள் கொறித்துக்கொண்டே போகிறார்கள். அந்தக் காலத்தைப் பார்த்த முதியவர்கள் பலர் மரவள்ளியை மறுபடி தொட விரும்பியதில்லை என்பது வீட்டுக்கு வீடு கேட்ட கதை.

வயல் யாருக்குப் போனது

இப்போது செகிஞ்சானுக்கு வருவோம். பச்சைப் பாய் விரித்தாற்போல் கிடக்கும் இந்த வயல்வெளி ஆதி காலம் தொட்டு இருந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. இல்லை. நூறு ஆண்டுக்கு முன் அங்கே சதுப்புக் காடு. மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் பெரும்பகுதியைப் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வாங்கிக்கொண்டிருந்தது. 1930-இல் உலகப் பொருளாதாரம் சரிந்தபோதுதான் ஆட்சியாளர்களுக்கு விழிப்பு வந்தது. நெல் சாகுபடி பற்றி ஆராயக் குழு அமைத்தார்கள். 1932-இல் வடிகால் நீர்ப்பாசன இலாகா உருவாயிற்று. தஞ்சோங் காராங் சதுப்பு வெட்டித் திருத்தப்பட்டது. பெர்ணம் ஆற்றிலிருந்து நீரைத் திருப்பி, தெங்கி ஆற்று வழியாகப் பெரிய வாய்க்காலுக்குக் கொண்டுவந்து, கடலுக்கு இணையாக ஓடவிட்டு, வயல்களுக்குப் பிரித்தார்கள். சாவா செம்பாடான், சுங்கை பூரோங், செகிஞ்சான், சுங்கை லெமான், பாசிர் பாஞ்சாங் என்று வரிசையாகப் பகுதிகள் அமைந்தன. ஜாவானியரும் பஞ்சார் மக்களும் பிற மலாய்க்காரர்களும் நிலம் பெற்றார்கள். செகிஞ்சானில் சீன விவசாயிகள். ஊரின் சீனப் பெயருக்கே 'உழவுக்கு ஏற்ற ஊர்' என்றுதான் பொருள்.

இதே 1930 முதல் 1932 வரையான காலத்தில் தமிழருக்கு என்ன நடந்தது? ரப்பர் விலை பாதாளத்துக்குப் போனதால் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஒரு பக்கம் நெல் விளைவிக்க ஆள் தேடி நிலம் திறக்கிறார்கள். மறுபக்கம் தஞ்சாவூரிலும் திருச்சியிலும் நெல் விளைவித்துப் பழகிய பரம்பரையைச் சேர்ந்தவர்கள் நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏறுகிறார்கள். நெல் தெரியாதவர்கள் என்று தமிழரைச் சொல்லமுடியாது. பேராக்கில் பாகான் செராய் பகுதியில் கிரியான் நீர்ப்பாசனத்தை ஒட்டித் தமிழர்கள் நெல் பயிரிட்டார்கள். நெகிரி செம்பிலானில் சுவா என்ற இடத்தில் 1930-களில் இந்தியக் குடியேற்றம் ஒன்றும் அமைக்கப்பட்டது. சிலாங்கூர் வடக்கில் அப்படிச் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் அமையவில்லை. தொழிலாளிக்குச் சொந்த நிலம் கிடைத்துவிட்டால் மறுநாள் பால் வெட்ட யார் வருவார்கள் என்ற தோட்ட முதலாளிகளின் கவலையை இதிலிருந்து பிரித்துப் பார்ப்பது கடினம்.

போகட்டும், நெல்லைப் பற்றி ஒரு நல்ல செய்தியும் சொல்லிவிடலாம். 1960-களில் குறுகிய காலத்தில் விளையும் ரகங்கள் வந்த பின்தான் இங்கே ஆண்டுக்கு இருபோகம் உறுதியாயிற்று. அப்போது 1965-இல் மலேசியா வெளியிட்ட ரகத்துக்கு லங்காவிக் கதை நாயகியின் பெயரை வைத்து மாசூரி என்றார்கள். ஒட்டு கட்டியது ஒடிசாவின் கட்டாக்கில். தேர்ந்தெடுத்து ரகமாக்கியது இங்கே. அந்த மாசூரி மறுபடி இந்தியாவுக்குப் போய் ஆந்திரத்திலும் தமிழகத்திலும் பரவியது. சோனா மசூரி, சம்பா மசூரி என்று இன்று கடையில் பெருமையோடு விலை கொடுத்து வாங்கும் அரிசியின் பெயரில் இருப்பது லங்காவி மாசூரிதான். தமிழர்கள் இங்கே வந்து பால் வெட்டினார்கள். இங்கிருந்து ஒரு நெல் அங்கே போய்ச் சோறு போட்டது.

செகிஞ்சானின் சில வயல்களில் ஹெக்டருக்கு 10 டன்வரை விளைந்திருக்கிறது. நாட்டின் சராசரி அதில் பாதிக்கும் குறைவு. மே, ஜூனில் ஓர் அறுவடை, ஆண்டு இறுதியில் இன்னொன்று. பச்சையைப் பார்க்க விரும்புகிறவர்கள் அறுவடைக்கு ஒன்றிரண்டு மாதம் முன்னாலும், பொன்னிறத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் அறுவடையை ஒட்டியும் போனால் ஏமாறமாட்டார்கள்.

பத்துமலையிலிருந்து ஒரு விருந்தாளி

பழத்துக்கு வருவோம். டுரியான், ரம்புத்தான், மங்குஸ்தீன் எல்லாம் ஏறத்தாழ ஒரே நேரத்தில் குவிவது ஏன்? சில வாரம் மழை இல்லாமல் காய்ந்தால்தான் இந்த மரங்கள் பூ எடுக்கும். பூத்த மூன்று நான்கு மாதத்தில் டுரியான் விழத் தொடங்கும். ஆகவே ஜூன் முதல் ஆகஸ்டு வரை பெரிய பருவம். ஆண்டு முடிவை ஒட்டிச் சின்னப் பருவம். உலு சிலாங்கூர்ப் பக்கம் கெர்லிங், களும்பாங், பத்தாங் காலி, உலு யாம் மரங்களிலிருந்து பழம் இறங்கிக் கடலோரக் கடைகளுக்கு வரும். காய்ச்சல் சரியாக இல்லாமல் மழை இடையில் புகுந்தால் அந்த ஆண்டு விலை ஏறும். 1993-இல் டி197 என்று பதிவான மூசாங் கிங் வந்தபின் விலையைப் பற்றிப் பேசுவதே வயிற்றெரிச்சல்.

ஆனால் காய்ச்சலும் பூவும் மட்டும் போதாது. டுரியான் பூ மாலையில் விரிந்து இரவில் தேன் சுரக்கும். அதற்கு மகரந்தம் சுமப்பது வௌவால். 1970-களில் ஸ்டார்ட், மார்ஷல் என்ற இரு ஆய்வாளர்கள் மேற்கு மலேசியாவின் தேன் வௌவால்களை ஆராய்ந்தார்கள். அவற்றுள் ஒரு முக்கிய இனம் குகையில் தங்குவது. எந்தக் குகை? பத்துமலை. ஆம், 1890-களிலிருந்து தைப்பூசம் நடக்கும் நம் பத்துமலைதான். எச்சத்தில் கிடந்த மகரந்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தபோது, அந்த வௌவால்கள் இரவில் முப்பது கிலோமீட்டருக்கும் அதிகமாகப் பறந்து கடலோரச் சதுப்பு நிலக் காடுவரை போய் வருவது தெரிந்தது. டுரியான் ஆண்டில் சில வாரம்தான் பூக்கும். மிச்ச நாளில் வௌவாலுக்குச் சாப்பாடு போடுவது கடலோரச் சதுப்பு மரங்கள். அவை ஆண்டு முழுவதும் பூப்பவை. அந்தச் சதுப்பு மரத்தின் நெருங்கிய உறவுக்காரர்தான் கோல சிலாங்கூர் ஆற்றங்கரையில் நிற்கும் பெரெம்பாங் மரம்.

பெரெம்பாங் என்றதும் கம்போங் குவாந்தான் நினைவுக்கு வரவேண்டும். மின்மினிகள் கூட்டமாக உட்கார்ந்து ஒரே தாளத்தில் மின்னுவது அந்த மரத்தில்தான். அவற்றின் புழுக்கள் கரைச் சேற்றில் இருக்கும் சின்ன நத்தைகளைத் தின்று வளரும். நன்னீரும் உப்பு நீரும் கலக்கும் அளவு மாறக்கூடாது. கரை மரத்தை வெட்டக்கூடாது. 1970-களில் ஒரு சில துடுப்புப் படகுகளோடு தொடங்கிய மின்மினிச் சுற்றுலா இந்தச் சமநிலையை நம்பித்தான் ஓடுகிறது. 2000-ஆம் ஆண்டை ஒட்டி, ஆற்றின் மேல்பக்கம் கோல குபு பாருவில் அணை கட்டியபோது மின்மினிக்கு ஆபத்து என்று இயற்கை ஆர்வலர்கள் குரல் கொடுத்தார்கள். அணை வந்தது. கரை ஓரம்வரை செம்பனை நட்ட இடங்களில் பெரெம்பாங் போயிற்று, மின்மினியும் குறைந்தது.

ஆக, கரையில் மரம் வெட்டினால் மின்மினி மட்டுமா போகிறது? சதுப்பு மரங்கள் குறையக் குறைய மலையடிவாரத்து டுரியானுக்கும் கேடு. பத்துமலைக் குகை, கோல சிலாங்கூர்ச் சேறு, களும்பாங் டுரியான் மூன்றையும் ஒரு கயிற்றில் கட்டி வைத்திருக்கிறது உள்ளங்கை அளவு உயிர் ஒன்று. சுற்றுலா வழிகாட்டிகள் படகில் இதைச் சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும்! பத்துமலையை வணங்கும் நம் பிள்ளைகளுக்காவது பள்ளியில் சொல்லலாம்.

வீடு இல்லாதவர் விருந்து வைப்பது எப்படி

1995-இல் பகாங்கின் தெமெர்லோவில் ஹோம்ஸ்தே திட்டம் அதிகாரபூர்வமாகத் தொடங்கியது. கிராமத்து வீட்டில் வெளிநாட்டு விருந்தாளி தங்குவார். அந்த வீட்டார் சமைத்ததைச் சாப்பிடுவார். வயலுக்கும் ஆற்றுக்கும் கூடவே போவார். தஞ்சோங் காராங்கின் சுங்கை சிரேயும் சுங்கை பெசாரின் சுங்கை ஹாஜி டோரானியும் இதில் பெயர் எடுத்தன. நாசி அம்பெங், தெம்பே, வயல் சேற்றில் விளையாட்டு என்று ஜாவானியக் கிராம வாழ்க்கை விருந்தாக மாறியது. கிராமத்துப் பெண்கள் கையில் காசு புழங்கியது. நல்ல திட்டம்தான்.

ஆனால் அதற்கு முதல் தேவை ஒரு வீடு. சொந்த வீடு. மேலே சொன்ன நூறு ஆண்டுக் கதையின் விளைவு இங்கேதான் தெரிகிறது. நெல் நிலம் பெற்றவர் வீடு கட்டினார். வீடு கட்டியவர் விருந்தாளியை அழைத்தார். லயத்தில் இருந்தவர் யாரை அழைப்பது? அது கம்பெனியின் கூரை.

லயத்துக்கு விருந்தாளி வருவதே ஒரு காலத்தில் போராட்டமாக இருந்தது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் முதலியோர் முன்னின்ற வேலைநிறுத்தம் வெடித்தது. கூலி உயர்வு, பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடை மூடல், துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கவேண்டும் என்ற அவமானத்துக்கு முடிவு ஆகியவற்றோடு, உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தாராளமாக வந்துபோக அனுமதி வேண்டும் என்பதும் கோரிக்கைப் பட்டியலில் இருந்தது. மாமனோ மச்சானோ பார்க்க வருவதற்கு அனுமதி! நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். ராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். சுற்றுலாப் பேருந்துகள் தோட்ட எல்லைகளைக் கடந்து போகும் இந்தக் காலத்தில் அந்தக் கோரிக்கையை நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

நிலம் நமக்கு வேண்டும் என்ற எண்ணம் பிறகு வந்தது. 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கினார்கள். குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்தன. 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய் மாதம் பத்து வெள்ளி கேட்டார். முதல் தோட்டம் கெடாவின் புக்கிட் சீடிம். தொழிலாளியே தோட்டத்துக்குப் பங்காளியான அந்த முயற்சி எல்லாத் தோட்டங்களையும் எட்டவில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது ஆள் தேவை குறைந்தது. பின்னர் அண்டை நாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள். நம்மவர்கள் கிள்ளானுக்கும் ஷா ஆலமுக்கும் ரவாங்குக்கும் தொழிற்சாலை வேலை தேடிப் போனார்கள்.

தோட்டமும் சுற்றுலாவும் கைகோத்த இடங்கள் வெளியே உண்டு. 1929-இல் தொடங்கிய கேமரன் மலை போ தேயிலைத் தோட்டத்துக்கு ஆயிரக்கணக்கில் மக்கள் போகிறார்கள். தேநீர் குடித்துப் படம் எடுக்கிறார்கள். அங்கே தேயிலையை வளர்த்ததும் தமிழ்க் கைகள்தான். இலங்கையில் 2005-இல் ஹட்டன் பகுதியின் பழைய துரை பங்களாக்களைச் சொகுசு விடுதிகளாக மாற்றினார்கள். உலகப் பணக்காரர்கள் வந்து துரையின் கட்டிலில் படுத்து, துரையின் நாற்காலியில் அமர்ந்து மலையைப் பார்க்கிறார்கள். மலையகத் தமிழர் வாழும் லயன்கள் அதே சரிவில் இன்னும் நிற்கின்றன. இப்படிப்பட்ட தோட்டச் சுற்றுலா கோல சிலாங்கூருக்கு வேண்டுமா என்பது யோசிக்கவேண்டிய விஷயம். பங்களாவை மட்டும் மெருகேற்றி, பெரட்டுக் களத்தையும் ஆயாக்கொட்டகையையும் இடித்துவிட்டுக் காட்டும் தோட்டம் பாதித் தோட்டம்தான்.

அதுவரை ஒரு சுற்றுலா மட்டும் யாரும் ஏற்பாடு செய்யாமலே நடந்துகொண்டிருக்கிறது. லயன் இடிக்கப்பட்டு, ஆட்கள் சிதறிப்போன தோட்டங்களில் கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவே நிற்கும். திருவிழா நாளில் ஷா ஆலமிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கார்கள் செம்மண் பாதையில் வரிசையாக உள்ளே வரும். பேரப்பிள்ளைகளிடம் பெரியவர்கள் ஒரு செம்பனையைக் காட்டி, இங்கேதான் நம் வீடு இருந்தது, அதோ அங்கே முருங்கை மரம் என்பார்கள். பிள்ளைகள் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வார்கள். பூசை முடிந்து அன்னதானம் ஆனதும் தங்குவதற்கு இடமில்லாததால் அன்றே கிளம்பிவிடுவார்கள். பருவமாக இருந்தால், முகப்புச் சாலையில் காரை நிறுத்தி இரண்டு கிலோ மாம்பழமோ ஒரு கூடை ரம்புத்தானோ வாங்கிக்கொண்டு போவார்கள்.